தலையசைத்தால் சம்மதமா? காது கேளாதோருக்காகப் பேசுபவரின் தகுதி பற்றி

சில ஆண்டுகளுக்கு முன் தென்மாவட்டக் கடலோர ஊர் ஒன்றில் நாம் ஒரு நிக்காஹ் நடத்தி வைத்தோம். மணப்பெண்ணுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காது கேளாதோர் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். வழக்கம்போல் வக்கீலும் இரண்டு சாட்சிகளும் பெண்ணிடம் சம்மதம் கேட்க உள்ளே போனார்கள். பெண்ணின் அண்ணன்தான் சைகையால் கேட்டுச் சொன்னார். பெண் தலையசைத்தார். வெளியே வந்து "சம்மதம் சொல்லிட்டா ஹழ்ரத்" என்றார்கள். நாம் ஈஜாப், கபூல் முடித்து, துஆ ஓதி, தஃப்தரில் கையெழுத்துப் போட்டோம். எல்லோரும் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு கலைந்தோம்.

எட்டு மாதத்தில் அந்தப் பெண் தாய்வீட்டுக்கு வந்துவிட்டார். விவகாரம் ஜமாஅத்துக்கு வந்தது. அங்கேயும் அண்ணன்தான் அவருக்காகப் பேசினார். "புடிக்கலைங்கறா" என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டாரோ, "ஹழ்ரத்தே சம்மதம் வாங்கித்தானே கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்று நம்மைக் கை காட்டினார்கள். இரண்டு அமர்வு இப்படியே போனது. பெண் படித்த பள்ளியின் ஆசிரியை ஒருவர் சொன்ன பிறகுதான், முறையாகப் பயின்ற சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வெளியூரிலிருந்து வரவழைத்தோம். பெண்மணிதான், முப்பது வயது இருக்கும். அவர் வந்ததும் செய்த முதல் காரியம், அண்ணனை எழுந்து வேறு இடத்தில் உட்காரச் சொன்னது. அடுத்து எங்களிடம், "நான் யார் பக்கமும் இல்லை. இவங்க சொல்றது எல்லாத்தையும் சொல்லுவேன், நீங்க பேசுறது எல்லாத்தையும் இவங்களுக்குச் சொல்லுவேன். நீங்க உங்களுக்குள்ள பேசிக்கிறதையும் சேர்த்துத்தான்" என்றார். நிர்வாகிகள் கொஞ்சம் நெளிந்தார்கள்.

அந்தப் பெண் இரண்டு மணி நேரம் பேசினார். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே திருமணமாகி விவாகரத்தானதும், ஒரு குழந்தை இருப்பதும் நிக்காஹ் நாளில் அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, நமக்கும்தான். பெண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டோம். மகன் சொல்லியிருப்பான் என்று தாய் நினைத்தார், தாய் சொல்லியிருப்பார் என்று மகன் நினைத்தார். சம்மதம் கேட்ட நேரத்தில் அண்ணன் காட்டியது இவ்வளவுதான்: போட்டோவைத் தொட்டுக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தி, புருவத்தைத் தூக்கியிருக்கிறார். பிறகு அவர் நம்மிடம் தனியாக வந்து அழுதார். "மறைக்கணும்னு நெனைக்கல ஹழ்ரத். அதைச் சொல்ல என் கையில வார்த்தை இல்ல" என்றார்.

அந்த வாக்கியம் நம்மை இன்றுவரை விடவில்லை. அவர் கெட்டவர் அல்லர், தங்கை மீது உயிரையே வைத்திருப்பவர். ஆனால் பாசம் இருப்பதால் ஒருவர் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவாரா என்பதை அன்று நாம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது நாம்தான்.

தலையசைப்பு என்றால் என்ன?

காது கேளாதோருடன் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். அவர்கள் பேச்சின் நடுவே தலையசைப்பது பல நேரங்களில் "ஆமாம்" என்று பொருள்படாது. "கவனித்துக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்" என்றுதான் பொருள். நாம் தொலைபேசியில் "உம், உம்" என்று கொட்டுகிறோமே, அது மாதிரி. அதைவிடச் சங்கடமான இன்னொரு காரணமும் உண்டு. சிறு வயதிலிருந்தே புரியாததைத் திரும்பக் கேட்டால் வீட்டார் சலித்துக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து, புரியாவிட்டாலும் தலையசைத்துவிடும் பழக்கம் பலருக்கு வந்துவிடுகிறது. மருத்துவர் மாத்திரை சொல்லும்போதும் அதே தலையசைப்பு. காவல் நிலையத்தில் எழுதியதைக் காட்டி "சரிதானே" என்று கேட்டாலும் அதேதான்.

கன்னிப்பெண்ணின் மௌனமே அவளுடைய அனுமதி என்று ஹதீஸ் இருக்கிறதே என்று ஒரு நண்பர் நம்மிடம் கேட்டார். உண்மை, புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஆனால் அது கேள்வியைக் கேட்டு விளங்கிக்கொண்டு, வெட்கத்தால் வாய் திறக்காத பெண்ணின் மௌனம். கேள்வியே போய்ச் சேராத பெண்ணின் மௌனத்தை அதோடு எப்படிச் சேர்ப்பது?

வீட்டுச் சைகை வேறு, சைகை மொழி வேறு. இதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். சோறு, தூக்கம், கடை, காசு, அத்தா, பள்ளிவாசல் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஐம்பது, நூறு சைகைகள் தாமாக உருவாகிவிடும். அன்றாடத்துக்கு அது போதும். இந்திய சைகை மொழி அப்படியல்ல. அது தமிழையோ ஆங்கிலத்தையோ கையால் எழுதிக் காட்டுவதும் அல்ல. தனக்கென்று சொல்வளமும் இலக்கணமும் கொண்ட ஒரு மொழி. வினாச்சொல்லும் மறுப்பும் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். புருவமும் கண்ணும் உதடும் தோளும் இலக்கணத்தின் பகுதி. ஒரே கையசைவு, புருவம் நிற்கும் விதத்தால் செய்தியாகவும் கேள்வியாகவும் மாறும். "விவாகரத்தானவர்", "குழந்தை முதல் மனைவியிடம் வளர்கிறது", "மஹரில் பாதி பிறகு தரப்படும்" என்பனவற்றை அதில் முழுமையாகச் சொல்லலாம். கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவதில் அதெல்லாம் அடங்காது.

தமிழ் எழுதத் தெரிந்தவர்தானே, எழுதிக் காட்டினால் போதாதா என்பார்கள். சிலருக்குப் போதும். ஆனால் பிறவியிலேயே கேட்காத ஒருவருக்குத் தமிழ் என்பது காதால் கேட்டு வளராமல் பள்ளியில் பாடமாகக் கற்ற மொழி. அவருடைய அறிவைத் தமிழ் வாக்கியத்தை வைத்து அளக்கக் கூடாது. நம் எல்லோருக்கும் குர்ஆன் ஓதத் தெரியும். அதற்காக அரபியில் எழுதிய ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் போடுவோமா?

கிதாபுகளில் ஏற்கெனவே இருந்தது

வெட்கத்தோடு சொல்ல வேண்டிய விஷயம், இதைப் பற்றி நாம் மதரஸாவிலேயே ஓதியிருக்கிறோம். "அக்ரஸ்" என்ற சொல்லுக்கு "ஊமை" என்று பொருள் சொல்லிக் கடந்து போனோம். (அந்தச் சொல்லை இன்று நாம் புழங்குவதில்லை. அவர்கள் கைகளால் பேசுகிறவர்கள்.) வாய் பேச இயலாதவரின் விளங்கத்தக்க சைகை, நிக்காஹ், தலாக், கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றிலும் பேச்சுக்குச் சமம் என்று ஃபுகஹாக்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். உஸ்மானியப் பேரரசு 19-ஆம் நூற்றாண்டில் ஹனஃபி சட்டத்தைத் தொகுத்த மஜல்லாவில் இது 70-ஆவது விதி. அதற்கு அடுத்த 71-ஆவது விதி மொழிபெயர்ப்பாளரின் சொல்லை ஏற்பது பற்றியது. இரண்டும் அடுத்தடுத்து இருப்பதைப் பல முறை ஓதியும், ஏன் அப்படி வைத்தார்கள் என்று நாம் யோசித்ததில்லை.

இமாம் நவவியின் மின்ஹாஜ், ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடலோர ஊர்களுக்குப் புதிய கிதாபல்ல. அதில் காழியின் சபை பற்றிய பாடத்தில் மொழிபெயர்ப்பாளருக்கான நிபந்தனைகள் வருகின்றன. அவர் நேர்மையாளராக இருக்க வேண்டும், ஒருவர் போதாது, இருவர் வேண்டும். காரணம், ஷாஃபிஈ அறிஞர்கள் மொழிபெயர்ப்பைச் சாட்சியத்தோடு வைத்துப் பார்த்தார்கள். இமாம் அபூஹனீஃபா ஒருவரே போதும் என்றார்கள். அதே இடத்தில் இன்னொரு வரி: காழிக்குக் காது மந்தமாக இருந்தால், பிறர் சொல்வதை அவருக்குக் கேட்கும்படி எடுத்துச் சொல்பவருக்கும் அந்த எண்ணிக்கை நிபந்தனை உண்டு. அதாவது, கேட்காத ஒருவருக்கும் பேசுகிற ஒருவருக்கும் நடுவில் நிற்பவரை எப்படி நம்புவது என்ற கேள்வியை, ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர்கள் சட்டமாக விவாதித்திருக்கிறார்கள். இமாம் புகாரியும் ஆட்சியாளர்களின் மொழிபெயர்ப்பாளர் பற்றி, ஒருவர் போதுமா என்ற கேள்வியோடு, தனி பாபு அமைத்திருக்கிறார்கள். அங்கேதான் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள், நபி (ஸல்) அவர்களின் கட்டளைப்படி யூதர்களின் எழுத்தைக் கற்ற செய்தி வருகிறது. கடிதப் போக்குவரத்தை யாரோ ஒருவரின் கையில் விட்டுவிட நபியவர்கள் விரும்பவில்லை. ஒரு ஸஹாபியை அனுப்பிப் படித்து வரச் செய்தார்கள்.

நீதிமன்றம் சந்தித்த அதே சிக்கல்

நம் ஜமாஅத்தில் நடந்ததைப் போன்ற ஒன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் 2012-இல் வந்தது. ராஜஸ்தானில் நடந்த ஒரு கொலை வழக்கு. கொலையானவரின் மனைவிதான் முக்கிய சாட்சி, அவர் காது கேளாத, வாய் பேச இயலாத பெண். கீழ் நீதிமன்றத்தில் அவருடைய சைகைகளுக்குப் பொருள் சொன்னவர் அவருடைய சொந்தத் தந்தை. உச்ச நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தை நம்பி ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று விடுதலையை உறுதி செய்தது. மொழிபெயர்ப்பவர் வழக்கில் அக்கறை உள்ளவராக இருக்கக் கூடாது, அவருக்குச் சத்தியப் பிரமாணம் செய்விக்க வேண்டும், சைகைக்குச் சொல்லப்பட்ட பொருளை மட்டும் எழுதாமல் சைகையே பதிவாக வேண்டும் என்றெல்லாம் தீர்ப்பு சொன்னது. எழுதப் படிக்கத் தெரிந்தவரானால் எழுத்தே மேல் என்றும் அதில் வருகிறது. மேலே சொன்ன காரணத்தால் அந்த ஒரு கருத்தில் மட்டும் நமக்குத் தயக்கம் உண்டு.

அந்தத் தீர்ப்பின் விளைவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்தப் பெண் உண்மையைத்தான் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். தகுதியான ஒருவர் நடுவில் இல்லாததால், அதைத் தெரிந்துகொள்ளும் வழியே அடைபட்டுப் போனது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அதே பாதுகாப்பு தேவைதானே? அவர் காது கேளாதவராக இருந்து, எதிராளியின் உறவினர் மொழிபெயர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மறு ஆண்டே, 2013-இல், சட்டம் திருத்தப்பட்டது. வாய் பேச இயலாத சாட்சியின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பு ஆசிரியர் உதவியோடுதான் பதிவு செய்ய வேண்டும், அதை வீடியோவும் எடுக்க வேண்டும் என்று வந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் இது 125-ஆவது பிரிவு. வீடியோ ஏன் என்றால், ஒருவர் சொன்ன பொருள் சரியா என்று இன்னொரு மொழிபெயர்ப்பாளர் பிறகு பார்த்துச் சோதிக்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், அவரவர் விரும்பும் மொழியிலும் தொடர்பு முறையிலும் சாட்சியம் பதிவாக வசதி செய்ய வேண்டும் என்கிறது.

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. 125-ஆவது பிரிவு "மொழிபெயர்ப்பாளர்" என்கிறது, யார் மொழிபெயர்ப்பாளர் என்று அங்கே சொல்லவில்லை. குழந்தைகளுக்கான போக்சோ விதிகள் மட்டும் தெளிவாக இருக்கின்றன. சைகை மொழிபெயர்ப்பாளர் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்திலோ, இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த நிறுவனத்திலோ தகுதி பெற்றிருக்க வேண்டும், மாவட்ட அளவில் அவர்களுக்குப் பதிவேடு இருக்க வேண்டும், அவர் நடுநிலையாளராக இருந்து, தனக்கு ஏதாவது சம்பந்தம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், கூட்டாமல் குறைக்காமல் முழுமையாகச் சொல்ல வேண்டும் என்று அவை சொல்கின்றன. பெரியவர்கள் விஷயத்தில் இந்த வரையறையை நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

சான்றிதழ் என்பது என்ன?

நம் வயதுக்காரர்களுக்கு ஞாயிறு மதியம் தூர்தர்ஷனில் காது கேளாதோருக்கான செய்தி நினைவிருக்கும். அடுத்து வரும் படத்துக்காகக் காத்துக்கொண்டு, அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் நாம். அந்தக் கைகள் சொன்னது சரியா தவறா என்று நம்மில் யாருக்காவது தெரியுமா? தெரியாது. இந்தத் தொழிலின் அடிப்படைச் சிக்கலே அதுதான். ஏற்பாடு செய்கிறவருக்கு மொழி தெரியாது, எனவே தரத்தையும் சோதிக்க முடியாது.

2013 டிசம்பர் 10 அன்று தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலாவின் நினைவுக் கூட்டம். ஒபாமா உட்பட உலகத் தலைவர்கள் பேசப் பேச, பக்கத்தில் ஒருவர் நின்று கைகளை அசைத்துக்கொண்டே இருந்தார். கேட்கும் உலகம் முழுவதும் அதை மொழிபெயர்ப்பு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. காது கேளாதோருக்கு மட்டும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிட்டது, அவை எந்த மொழியிலும் சேராத வெறும் அசைவுகள். மறு ஆண்டு அந்த நாடு, மொழிபெயர்ப்பாளர்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் பேரவைக்கான சட்டத்தை நிறைவேற்றியது. அமெரிக்கா இந்த வேலையை 1964-லேயே தொடங்கிவிட்டது. அதற்கு முன் அங்கே மொழிபெயர்த்தவர்கள் பெற்றோர், ஆசிரியர், பாதிரியார். இங்கே அண்ணன், ஆசிரியை, ஆலிம்சா. பெரிய வித்தியாசம் இல்லை.

நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கழகம், ஆர்.சி.ஐ., இந்தப் படிப்புகளை அங்கீகரிக்கிறது. இந்திய சைகை மொழிபெயர்ப்புக்கான டிப்ளமோ, சுருக்கமாக டி.ஐ.எஸ்.எல்.ஐ., இரண்டு ஆண்டுப் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் சேரலாம். மும்பையிலுள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இந்தத் துறையில் முன்னோடி. 2015-இல் டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் தொடங்கப்பட்ட பிறகு, வேலை வேகம் பிடித்தது. அந்த மையத்தின் சைகை அகராதி 2018-இல் 3,000 சொற்களோடு வந்து, 2021-இல் 10,000 சொற்களானது. காது கேளாதவர்களே சைகை மொழி ஆசிரியர்களாவதற்குத் தனி டிப்ளமோவும் உண்டு. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, தொட்டிலிலிருந்தே சைகை பேசி வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி அனுபவத்தால் தேர்ந்தவர்களின் திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் தேர்வையும் அந்த மையம் நடத்துகிறது. படிப்பு முடித்தவர் ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்து எண் பெறுவார். அந்தப் பதிவைப் புதுப்பிக்கத் தொடர்ந்து பயிற்சி பெற வேண்டும். நம்மிடம் வருபவரிடம் அந்தப் பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை அல்ல. மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருப்பதைப் போன்றதுதான்.

இரண்டு ஆண்டு என்ன படிக்கிறார்கள்? மொழி ஒரு பாதிதான். மறுபாதி ஒழுக்கம். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. தன் கருத்தைக் கலக்கக் கூடாது. திட்டினால் திட்டாகவே சொல்ல வேண்டும், மென்மையாக்கக் கூடாது. "அவர் சொல்கிறார்" என்று சொல்லாமல் "நான்" என்றே பேச வேண்டும். புரியாவிட்டால் புரிந்ததாக நடிக்காமல் நிறுத்திக் கேட்க வேண்டும். தன்னால் இயலாத இடமானால் வேலையை ஏற்காமல் விலக வேண்டும். நீண்ட அமர்வானால் இருவர் மாறி மாறிச் செய்வார்கள், இருபது நிமிடம், அரை மணிக்கு மேல் ஒரே மூளை தொடர்ந்து சரியாக மொழிபெயர்க்காது. (மின்ஹாஜ் கேட்ட இருவர் வேறு காரணத்துக்காக. ஆனாலும் நமக்கு அது நினைவுக்கு வந்தது.)

வீட்டார் செய்யும்போது உடைவது இந்த மறுபாதிதான். தாய்க்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதை, காது கேளாத அந்தத் தாய்க்குச் சைகையில் சொல்லும் பொறுப்பு பத்து வயது மகளிடம் வருகிறது. அவள் சொல்வாளா? சொல்ல வேண்டுமா? கணவன் அடிப்பதாக ஒரு பெண் புகார் கொடுக்கப் போகிறார், மொழிபெயர்ப்பது மாமியார். சொத்துப் பிரிப்பில் தம்பிக்கு என்ன வேண்டும் என்று அண்ணனே சைகையில் கேட்டுச் சொல்கிறார். நம் ஊர்களில் இவையெல்லாம் நடக்காதவை என்று யாரும் சொல்ல முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கேட்கும் திறனில் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள். அவர்கள் ஜும்ஆவுக்கு வருகிறார்கள், குத்பா முடியும்வரை இமாமின் உதட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

தகுதியான ஒருவர் நடுவில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, சைகை மொழிபெயர்ப்பாளர் உதவியோடு உச்ச நீதிமன்றத்தின் காணொலி விசாரணையில் கலந்துகொண்டார். அவர் வழக்கறிஞராகவே வந்தார், யாருடைய பரிதாபத்தையும் கேட்டு வரவில்லை. அடுத்த மாதம் நீதிமன்றமே அவருக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தது.

நம் ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

சான்றிதழ் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. டிப்ளமோ முடித்தவருக்கு இத்தா, குல்உ, வலீ, மஹர் முஅஜ்ஜல் போன்ற சொற்கள் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அது அவருடைய பாடத்திட்டத்தில் இல்லை. நம் விசாரணைக்கு வந்த அந்தச் சகோதரியும் நடுவில் நிறுத்தி, "குல்உ என்றால் என்ன, இவங்களுக்கு அதனால என்ன ஆகும்?" என்று நம்மிடம் கேட்டார். விளக்கி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. பக்கத்தில் இருந்த கேட்கும் பெண்களில் இருவர், இதெல்லாம் தங்களுக்கும் இன்றுதான் தெரியும் என்றார்கள். முந்தின நாளே அவரை அழைத்து இந்தச் சொற்களை விளக்கியிருந்தால் அமர்வு நடுவில் தடைபட்டிருக்காது. அது நம் குறை.

அன்றிலிருந்து நாம் சிலவற்றைக் கடைப்பிடிக்கிறோம். மணமக்களில் ஒருவர் காது கேளாதவர் என்று தெரிந்தால், நிக்காஹ் நாளுக்கு முன்பே பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இருக்கும் அமர்வு ஒன்று. பெண்ணானால் பெண் மொழிபெயர்ப்பாளர். வீட்டார் இருக்கலாம், ஆனால் நடுவில் நிற்கக் கூடாது. "சம்மதமா?" என்று மட்டும் கேட்பதில்லை, "உங்களுக்கு என்ன தெரியும், சொல்லுங்கள்" என்று கேட்கிறோம். மாப்பிள்ளை யார், என்ன வேலை, முன் திருமணம் உண்டா, மஹர் எவ்வளவு, எங்கே வசிக்கப் போகிறீர்கள் என்பதை அவரே சொன்னால்தான் கேள்வி போய்ச் சேர்ந்தது என்று நமக்குத் தெரியும். அந்தப் பகுதியை அவர் அனுமதித்தால் வீடியோ எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறோம்.

மொழிபெயர்ப்பாளருக்குக் கூலி கொடுக்க வேண்டும். நாம் முதலில் வரவழைத்தவருக்கு ஒரு நிர்வாகி சால்வை போர்த்தி, "அல்லாஹ் கூலி தருவான்" என்று அனுப்பி வைக்கப் பார்த்தார். பந்தல்காரருக்கும் பிரியாணி மாஸ்டருக்கும் அப்படிச் சொல்வோமா? பஸ் கட்டணமும் ஒரு நாள் ஊதியமும் பைத்துல்மாலிலிருந்து கொடுத்தோம். ஆள் எங்கே கிடைப்பார் என்று கேட்பவர்களுக்கு: பக்கத்திலுள்ள காது கேளாதோர் பள்ளி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், காது கேளாதோர் சங்கங்கள் என்று விசாரித்தால் வழி கிடைக்கும். நேரில் வர முடியாதவர் வீடியோ அழைப்பிலும் செய்வார். காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ மருத்துவமனையிலோ நாமே ஆள் தேடிக் கொடுக்கும் முன், எழுத்தில் கோரிக்கை வைக்க வேண்டும்.

போதுமான ஆட்கள் இல்லை என்பதும் உண்மை. கேரளாவில் மலப்புரம் மாவட்டம் புளிக்கல்லில் ஒரு பள்ளிவாசலில் குத்பாவைச் சைகை மொழியில் சொல்கிறார்கள். அதற்குப் பழகிய ஆள் வேண்டும், அவர் வானத்திலிருந்து வருவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு என்ன படிப்பது என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் நாம் இந்த டிப்ளமோவையும் சொல்கிறோம், குறிப்பாகக் காது கேளாத அண்ணனோ அக்காவோ உள்ள பிள்ளைகளிடம். தன் வீட்டாருக்காக அல்ல, அடுத்த வீட்டாருக்காகப் பேசுவதற்கு.

அந்த முதல் நிக்காஹ் குல்உவில் முடிந்தது. அந்தப் பெண் இப்போது ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை செய்கிறார். கடந்த ஷவ்வாலில் அவருக்கு மறுமணம். மாப்பிள்ளையும் காது கேளாதவர். அதே மொழிபெயர்ப்பாளர் சகோதரி வந்திருந்தார். சம்மதம் கேட்ட அமர்வில் பெண் தலையசைக்கவில்லை, கேள்வி கேட்டார். மஹர் இரண்டு பவுன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது போன மாதம் மாப்பிள்ளை வீட்டார் போட்ட சங்கிலியா, இல்லை வேறா? இரு வீட்டாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் பேசினார்கள், அந்தப் பேச்சு முழுவதும் பெண்ணுக்கும் சொல்லப்பட்டது. சங்கிலி அன்பளிப்பு, மஹர் தனி என்று முடிவானது. தஃப்தரில் மஹர் பத்தியில் "சங்கிலி நீங்கலாக" என்று சேர்த்து எழுதி, பக்கத்தில் நாம் சுருக்கொப்பம் இட்டோம்.